நீர் புகாப் பெட்டியும் கோணேசர் கடலும்

பத்திரிகை அலுவலகத்தில் ஒரு செய்தியை எழுதிக்கொண்டுபோய் ஆசிரியரின் மேசையில் வைத்தால், அவர் முதலில் கேட்பது "படம் இருக்கிறதா?" என்பதைத்தான். தரையில் நடந்தவற்றுக்கு இந்தக் கேள்வி பெரிய இடைஞ்சல் அல்ல. கடலுக்கு அடியில் கிடப்பவற்றைப் பற்றி எழுதுகையில்தான் பேனாவை மூடிவைக்க நேரும். திருகோணமலையில் சுவாமி மலையின் அடிவாரக் கடலில், போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களும் கற்களும் கிடக்கின்றன என்ற பேச்சு ஊரில் நெடுங்காலமாக இருந்தது. வாயால் சொல்லப்பட்ட வரைக்கும் அது ஐதீகம். படமாக வெளிவந்த பிறகு அது சான்று. இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவில் நின்றது ஒரு பெட்டி. கமராவை உள்ளே வைத்து, தண்ணீர் புகாமல் பூட்டிக் கடலுக்குள் கொண்டுபோகும் பெட்டி.

அந்தப் பெட்டியின் கதை 1856ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் இங்கிலாந்தின் தென்கரையில், வேமத் குடாவில் தொடங்குகிறது. வில்லியம் தொம்சன் என்பவர் தொழிலால் சட்டத்தரணி. ஆர்வத்தால் இயற்கை ஆய்வாளர். பாலங்களின் தூண்களும் துறைமுகச் சுவர்களும் நீருக்கடியில் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை ஒருவரையும் இறக்காமலே படமெடுத்துப் பார்க்கலாமே என்பது அவருடைய யோசனை. முன்பக்கம் கண்ணாடி பதித்த பெட்டியொன்றைச் செய்வித்தார். உள்ளே கமராவை வைத்துப் படகிலிருந்து 18 அடி ஆழத்துக்கு, நம்மவர் கணக்கில் 3 பாகத்துக்கு, இறக்கினார். கயிற்றை இழுத்து மூடியைத் திறந்து, பத்து நிமிடம் காத்திருந்து, மறுபடி மூடினார். மேலே தூக்கிப் பார்த்தபோது பெட்டிக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. ஆனாலும் தகட்டில் மங்கலாக ஏதோ பதிந்திருந்தது: மணலும், பாறையும், கடற்பாசியும். உலகில் நீருக்கடியில் எடுக்கப்பட்ட முதற்படமாகக் கருதப்படுவது அதுதான். பெட்டி ஒழுகிய நாளிலேயே கலையும் பிறந்துவிட்டது என்று சொல்லலாம். தொம்சன் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் திரும்பவில்லை.

தொம்சன் படகிலேயே இருந்தார். பெட்டி மட்டும் கீழே போயிற்று. பெட்டியோடு தானும் இறங்கியவர் பிரான்சு நாட்டு உயிரியலாளர் லூயி புத்தான். மத்தியதரைக் கடலோரத்தில் பான்யுல்ஸ் என்ற ஊரிலுள்ள ஆராகோ ஆய்வுகூடத்தில் பணியாற்றிய அவர், சுழியோடிக்குரிய கனத்த உடையும் உலோகத் தலைக்கவசமும் அணிந்து 1893இல் கடலடியில் நின்று படமெடுத்தார். பெட்டியை வடிவமைத்தவர் அவருடைய சகோதரர் ஒகுஸ்த். அந்தப் பெட்டியில் ஒரு நுட்பம் இருந்தது. காற்று நிரப்பிய றப்பர்ப் பந்தொன்றைக் குழாய்மூலம் பெட்டியோடு இணைத்திருந்தார்கள். ஆழம் போகப் போகத் தண்ணீர் பந்தை நசுக்கும். பந்திலுள்ள காற்று பெட்டிக்குள் தள்ளப்படும். உள்ளழுத்தமும் வெளியழுத்தமும் சமமாகும். பெட்டியை வலிமையாக்குவதற்குப் பதிலாக, கடலின் பலத்தை எடுத்துக் கடலோடே மோதவிட்ட சாதுரியம் அது. கீழே வெளிச்சம் போதாமையால் ஒரு படத்துக்கு அரை மணி நேரம்வரை அசையாமல் காத்திருக்க வேண்டியிருந்தது. அதைக் குறைப்பதற்காக, ஒட்சிசன் நிரப்பிய பீப்பாயின்மேல் கண்ணாடிக் கூண்டு பொருத்தி, அதற்குள் மக்னீசியத் தூளை எரித்தும் பார்த்தார்கள். 1900இல் புத்தான் தம் அனுபவங்களை நூலாக வெளியிட்டார்.

புத்தான் தம் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலத்தை அண்டி, நமது மன்னார்க் கடலில் என்ன நடந்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். முத்துக் குளிப்புப் பருவங்களில் ஆயிரக்கணக்கான சுழியோடிகள், காலில் கல்லைக் கட்டி, மூச்சை அடக்கி, ஐந்து முதல் பத்துப் பாகம்வரை ஒரு நாளில் பல தடவை இறங்கி ஏறினார்கள். கடலடியைக் கண்ணால் கண்ட நேரத்தைக் கூட்டிப் பார்த்தால், ஐரோப்பிய ஆய்வாளர் எவரும் அவர்களுக்கு அருகில் வரமுடியாது. 1902இல் பேராசிரியர் ஹேர்ட்மன், ஜேம்ஸ் ஹோர்னெல் என்பவரோடு முத்துப் பார்களை ஆராய வந்தார். அந்த ஆய்வு தடித்த தொகுதிகளாக அச்சாயிற்று. அக்காலத்து முத்துக் குளிப்புப் படங்கள் பலவற்றை நான் பார்த்திருக்கிறேன். தோணிகளும், கரையிலுள்ள கொட்டில்களும், சிப்பிக் குவியல்களும், இடுப்புத் துணியோடு நிற்கும் மனிதர்களுமே அவற்றில் இருக்கின்றன. அம்மனிதர்கள் கீழே கண்டதைக் காட்டும் படம் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. பார்த்தவர்களிடம் பெட்டி இல்லை. பெட்டி வைத்திருந்தவர்கள் இங்கே இறங்கவில்லை.

அதன்பின் காரியங்கள் வேகமெடுத்தன. 1926இல் அமெரிக்காவின் புளோரிடாவை அடுத்த டிரை டோர்டுகாஸ் தீவுகளில் லோங்லி, மார்ட்டின் என்ற இருவர், கடலின் மேற்பரப்பில் மக்னீசியத் தூளை வெடிக்கவைத்து மீன்களை வண்ணத்திலேயே படமெடுத்தார்கள். படமெடுப்பவரின் உயிருக்கே ஆபத்தான வேலை அது. ஒஸ்திரியாவின் ஹான்ஸ் ஹாஸ் தமக்கென்று பெட்டிகள் செய்து பழகி, 1950களில் றோலைபிளெக்ஸ் கமராவுக்கான றோலைமரின் என்ற பெட்டி சந்தைக்கு வரக் காரணமானார். 1943இல் குஸ்தோவும் கன்யானும் உருவாக்கிய சுவாசக் கருவி சுழியோடியைக் குழாயிலிருந்து விடுவித்திருந்தது. பெல்ஜியப் பொறியியலாளர் ஜோன் டி வூத்தர்ஸ், பெட்டியே வேண்டாம், கமராவின் உடலே பெட்டியாகட்டும் என்று கலிப்சோ கமராவை வடிவமைத்தார். அதன் உரிமையை ஜப்பானின் நிக்கோன் நிறுவனம் பெற்று, 1963இல் நிக்கோனொஸ் என்ற பெயரில் வெளியிட்டது. 2001இல் உற்பத்தி நிறுத்தப்படும்வரை கடலடிப் படக்காரர்களின் கையில் பெரும்பாலும் இருந்தது அதுதான்.

இந்த வரலாற்றில் பெயர்பெறாத கதாநாயகன் ஒருவன் இருக்கின்றான். அவன் ஒரு றப்பர் வளையம். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன் என்ற முதிய பொறியியலாளர் 1930களின் இறுதியில் காப்புரிமை பெற்ற ஓ வளையம் அது. ஆங்கில ஓ எழுத்தின் வடிவம், கைவளையல்போல ஒரு றப்பர்த் துண்டு, வேறொன்றுமில்லை. பெட்டியின் விளிம்பில் ஒரு பள்ளம் வெட்டி, அதற்குள் இதை இருத்தி, மேலே மூடியை அழுத்திப் பூட்டினால் தண்ணீர் புகாது. அதன் சிறப்பு என்னவென்றால், வெளியிலிருந்து தள்ளும் தண்ணீரே வளையத்தைப் பள்ளத்தின் மறுபக்கச் சுவரோடு நெருக்கி இடைவெளியை அடைக்கிறது. ஆழம் கூடக் கூட அடைப்பும் இறுகும். ஆகவேதான் பல பெட்டிகள் முப்பது மீற்றர் ஆழத்தில் ஒழுகாமல், முழங்காலளவு தண்ணீரில் ஒழுகிவிடுகின்றன. ஆழத்தில் கடல் காவலுக்கு நிற்கிறது. கரையோரத்தில் அந்தக் காவல் இல்லை. புத்தானின் றப்பர்ப் பந்திலிருந்த அதே தந்திரம், விரலளவு வளையத்துக்குள் சுருங்கிவிட்டது.

இனித் திருகோணமலைக்கு வருவோம். ஆங்கில எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க் 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்தார். அவரோடு வந்த மைக் வில்சன் சுழியோடியும் படப்பிடிப்பாளருமாவார். அவ்வாண்டிலேயே இருவரும் சுவாமி மலையின் அடிவாரக் கடலில் இறங்கினார்கள். செதுக்கு வேலைப்பாடுள்ள தூண்களையும், கட்டடக் கற்களையும் கண்டு வில்சன் படமெடுத்தார். அங்கிருந்து இலிங்கமொன்றை அவர் மீட்டெடுத்தது திருகோணமலையில் இன்றும் பேசப்படும் செய்தி. 1957இல் வெளிவந்த 'தப்ரபேனின் கடற்பாறைகள்' என்ற பொருள்தரும் பெயர்கொண்ட கிளார்க்கின் ஆங்கில நூலில் அந்தச் சுழியோடல் விவரிக்கப்பட்டிருக்கிறது. கோயிலை இடித்துக் கற்களைக் கோட்டைக்கு எடுத்தார்கள் என்று பதினேழாம் நூற்றாண்டின் வரலாற்றைப் படித்தவர்களுக்கு, கோட்டைக்குப் போகாத கற்கள் எங்கே என்ற கேள்விக்கு விடை கிடைத்தது. 1950இல் கிணறு தோண்டும்போது மண்ணுக்குள்ளிருந்து வெண்கலத் திருவுருவங்கள் வெளிப்பட்டிருந்தன. ஆறு ஆண்டுகளின் பின் கடல் தன் பங்குக்குச் சாட்சி சொல்லியது. 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. வில்சனோ பிற்காலத்தில் கமராவைத் துறந்து, சுவாமி சிவகல்கி என்ற பெயரோடு துறவியாகிவிட்டார். கடலடியில் சிவனைக் கண்டவர் வேறென்ன செய்வார் என்று ஊரவர்கள் சொல்வதுண்டு.

அதே வில்சன் 1961ஆம் ஆண்டு மார்ச் மாதம் தென்கிழக்குக் கரையில், பெரிய பாசெஸ் வெளிச்சவீட்டை அடுத்த பாறைகளில், இரண்டு அமெரிக்கச் சிறுவர்களோடு சுழியோடியபோது வெள்ளி நாணயக் குவியல்களைக் கண்டார். ஔரங்கசீப்பின் ஆட்சியில் சூரத் நாணயசாலையில் ஹிஜ்ரி 1113இல், அதாவது 1702இல், அடிக்கப்பட்ட உரூபாய்கள் அவை. மறுவருடம் அவர் இயக்கி வெளிவந்த 'ரன்முத்து துவ' சிங்களத்தின் முதலாவது முழுநீள வண்ணத் திரைப்படம். திருகோணமலைக் கடலடியை இலங்கை மக்கள் திரையரங்கில் உட்கார்ந்து பார்த்தது அதில்தான்.

இவையெல்லாம் நம் கடலைப் பற்றிய படங்கள். ஆனால் நம்மவர் எடுத்த படங்கள் அல்ல. இதைக் குறையாகச் சொல்லவில்லை. வில்சன் இறங்கியிருக்காவிட்டால் அந்தக் கற்கள் இன்னும் கதையாகவே இருந்திருக்கும். ஆனால் அதன் விளைவு ஒன்றுண்டு. எதைப் படமெடுப்பது, எதை விடுவது, எந்தத் தூணுக்கு எந்தப் பக்கத்தில் எந்தக் கல் கிடந்தது என்பதெல்லாம் வந்துபோனவர்களின் விருப்பத்தில் தங்கியிருந்தன. அதற்குப் பின் போர் வந்தது. வடக்கிலும் கிழக்கிலும் மீனவர்களுக்கே கடல் மறிக்கப்பட்டது. படமெடுக்க யார் இறங்குவது? காலியில் 2001இல் தொடங்கப்பட்ட கடல்சார் தொல்லியற் பிரிவு, 1659இல் மூழ்கிய ஒல்லாந்தக் கப்பலான அவொன்ட்ஸ்டரை முறையாக ஆராய்ந்து பதிவு செய்தது. அதன் கூடத்தையும் 2004ஆம் ஆண்டுச் சுனாமி அடித்துப்போயிற்று. நம் பக்கத்துக் கடலுக்கு அப்படியொரு முயற்சி வாய்க்கவில்லை.

இந்த நிலையை மாற்றக்கூடிய பொருள் ஒன்று, எவ்விதப் பிரகடனமும் இல்லாமல், 2000களில் சந்தைக்கு வந்தது. சட்டைப் பையில் அடங்கும் சிறிய டிஜிட்டல் கமராக்களுக்கென்று கனோன், ஒலிம்பஸ் முதலான நிறுவனங்கள் பொலிகாபனேற்றுப் பிளாஸ்டிக்கில் கண்ணாடிபோன்ற பெட்டிகளைச் செய்து விற்றன. பெரும்பாலானவை 40 மீற்றர் ஆழம்வரை தாங்கும் என்று குறிக்கப்பட்டவை. நிக்கோனொஸ் வாங்கும் பணத்தில் சிறுபகுதி போதும். படச்சுருள் முப்பத்தாறோடு முடிந்துவிடும் என்ற கவலையும் இல்லை.

போர் முடிந்து சில ஆண்டுகளின் பின் திருகோணமலையில் சங்கு குளிக்கும் ஒருவரிடம் அப்படியொரு கமராவைக் கண்டேன். கனடாவிலுள்ள மருமகன் அனுப்பியதாம். கோயிற் கற்களைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்னது: "கல்லுக் கிடக்கிற இடமெல்லாம் எங்களுக்குத் தெரியும் ஐயா. ஆனா நாங்க சொன்னா ஆர் நம்புறது? வெள்ளைக்காரன் படம் எடுத்துக் காட்டினாத்தான் நம்புவினம்." பிறகு சிரித்துக்கொண்டே பெட்டியைத் தட்டிக் காட்டினார்: "இனி நாங்களும் காட்டலாம்."

அவர் பெட்டியை ஆயத்தம் செய்த விதத்தை நான் அருகிலிருந்து பார்த்தேன். முதலில் கமரா இல்லாமல், ஒரு காகிதக் கைக்குட்டையை மட்டும் உள்ளே வைத்துப் பூட்டி, வாளித் தண்ணீரில் அமிழ்த்தினார். பிறகு கடலிலும் ஒரு தடவை. காகிதம் நனையவில்லை என்று கண்ட பின்னரே கமரா உள்ளே போயிற்று. வளையத்தைக் கழற்றி, விரல்களுக்கிடையே இழுத்து, மணலோ மயிரோ ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். ஒரு தலைமயிர் போதும், மொத்தமும் போய்விடும். சிலிக்கன் கிறீசைப் பளபளப்புத் தெரியும் அளவுக்கு மட்டும் பூசினார். அதிகம் பூசினால் அதிகப் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்தக் கிறீஸ் தூசியைத்தான் பிடித்துவைக்கும். முப்பது மீற்றர் ஆழத்தில், உள்ளங்கையளவான மூடியின்மேல் ஏறத்தாழ 300 கிலோ பாரம் அழுத்துகிறது. பெட்டியிலுள்ள ஒவ்வொரு பொத்தானும் சுவரில் துளைத்த ஓர் ஓட்டை. ஒவ்வோர் ஓட்டைக்கும் உள்ளே ஒரு குட்டி வளையம். இவற்றைத் தெரிந்துகொண்ட பிறகு அவருடைய நிதானம் எனக்கு மிகையாகத் தோன்றவில்லை. நம் ஊரின் ஈரக் காற்றில் வேறொரு தொல்லையும் உண்டு. வெயிலில் நின்று பெட்டியை மூடிவிட்டுக் குளிர்ந்த நீருக்குள் இறங்கினால், உள்ளே அகப்பட்ட ஈரம் கண்ணாடியில் பனிபோலப் படிந்துவிடும். ஆகையால் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா மணிகளின் சிறு பொதியொன்றையும் உள்ளே வைத்தார்.

கடல் படத்துக்குச் செய்யும் மோசடிகள் வேறு. ஒளி தண்ணீரிலிருந்து பெட்டியின் தட்டைக் கண்ணாடி வழியாகக் காற்றுக்குள் வரும்போது வளைவதால், பொருள்கள் உண்மையைவிட மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், தூரத்தில் நான்கில் ஒரு பங்கு கிட்டவாகவும் தோன்றும். பெரிய தூண் முழுவதும் சட்டகத்துக்குள் அடங்காது. பின்னே நகர்ந்தால் இடையிலுள்ள கலங்கல் படத்தை விழுங்கும். சிவப்பு நிறம் ஐந்து மீற்றரிலேயே மங்கத் தொடங்கி, பத்து மீற்றரைத் தாண்டினால் எல்லாம் நீலப் பச்சையாகிவிடும். கமராவின் பிளாஷை எரித்தாலோ, வில்லைக்கு மிக அருகில் அது இருப்பதால், நீரில் மிதக்கும் தூசியெல்லாம் பனிமழைபோல் வெண்புள்ளிகளாய் விழும். இதற்குரிய வைத்தியம் எளியது: பொருளுக்கு ஒரு மீற்றருக்குள் நெருங்குவது, ஆழம் குறைந்த இடத்தில் பிளாஷை அணைத்துவிட்டு, வெண்ணிறப் பலகையொன்றைக் காட்டி நிறச் சமநிலையைக் கையால் அமைப்பது. சுவாமி மலையடியில் அவர் எடுத்த படங்களைக் கரையில் பார்த்தேன். சதுரமாகச் செதுக்கிய கல்லொன்று, முருகைக்கல் படிந்து, ஆனாலும் விளிம்பு நேராக. மனிதக் கை பட்ட நேர்க்கோடு கடலுக்குள் தனியாகத் தெரியும்.

எல்லாவற்றுக்கும் இந்தச் சிறு பெட்டி போதாது என்பதையும் சொல்ல வேண்டும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. 307 பேர் அதனோடு மாண்டார்கள். 40 மீற்றர்ப் பெட்டியை அங்கே கொண்டுபோவது கமராவைக் கடலுக்குத் தானம் செய்வதற்குச் சமம். அந்த ஆழம் பயிற்சியில்லாத சுழியோடியின் உயிருக்கும் உகந்ததல்ல. ஆனால் கோணேசர் கற்களில் பல, தொம்சனின் பெட்டியைவிட அதிகம் இறங்கத் தேவையில்லாத ஆழங்களிலேயே கிடக்கின்றன.

வேறொரு சங்கடமும் உண்டு. இந்தப் பெட்டிகள் ஒவ்வொன்றும் ஒரேயொரு கமரா மாதிரிக்கு மட்டும் வார்க்கப்பட்டவை. கமரா பழுதானால் பெட்டி வெறும் பிளாஸ்டிக். கைத்தொலைபேசி வந்தபின் சிறிய கமராக்களின் சந்தை ஒடுங்கியது. ஒலிம்பஸ் 2021இல் கமராத் தொழிலையே கைமாற்றிவிட்டது. இருப்பவர்கள் பழைய கமராக்களையும் வளையங்களையும் தேடிச் சேகரிக்கிறார்கள். தொலைபேசிக்கும் பெட்டிகள் வந்துவிட்டன. பெட்டி எதுவானாலும் வளையம் அதேதான்.

வெளிநாடுகளிலிருந்து விடுமுறைக்கு வரும் இளைஞர்கள் புறாமலைக்கும் சுவாமி மலைக்கும் இத்தகைய பெட்டிகளோடு இறங்குவதைக் காண்கிறேன். வண்ண மீன்களை எடுங்கள், குற்றமில்லை. ஆனால் செதுக்கிய கல் ஒன்றைக் கண்டால், இறங்குமுன் கமராவின் திகதியையும் நேரத்தையும் சரிசெய்திருந்தீர்களா என்பதில்தான் அந்தப் படத்தின் பெறுமதி தங்கியிருக்கிறது. கல்லின் அருகே ஓர் அடிமட்டத்தை வையுங்கள். அளவில்லாத படம், தண்ணீர் செய்யும் பெருக்கலால், பொய்யாகிவிடும். கிட்டத்தில் ஒன்று, சுற்றுப்புறம் தெரியும்படி ஒன்று, கரையிலுள்ள பாறையோ கோபுரமோ தெரியும்படி நீர்மட்டத்திலிருந்து ஒன்று என்று மூன்று எடுங்கள். கல்லை அசைக்கவோ எடுக்கவோ வேண்டாம். சட்டமும் அதை அனுமதிப்பதில்லை, இருந்த இடத்தை விட்டு நகர்ந்த கல் எதையும் சொல்லப்போவதுமில்லை. வெடி வைத்து மீன் பிடிப்போர் இன்னும் அந்தக் கரையோரங்களில் இருக்கிறார்கள். வில்சன் கண்ட தூண்களில் எத்தனை கண்ட இடத்திலேயே இருக்கின்றன என்பதை ஒப்பிட, அவருடைய படங்களுக்குப் பக்கத்தில் வைக்க இன்னொரு தொகுதி வேண்டும்.

கரைக்கு வந்ததும் பெட்டியை உடனே திறக்க வேண்டாம். அரை மணி நேரம் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, நீருக்குள்ளேயே எல்லாப் பொத்தான்களையும் அழுத்தி அழுத்தி விடுங்கள். காய்ந்த உப்பு அந்தக் குட்டி வளையங்களை அரித்துவிடும். அந்தச் சங்கு குளிப்பவர் இதற்கென்றே தோணியில் ஒரு மூடி போட்ட வாளி வைத்திருந்தார்; குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரில் பாதி அதற்குத்தான் போயிற்று.